கரிநாள் புக்கை

என் மச்சாளுக்கு, அதாவது என் அண்ணையின் மனைவிக்கு, இந்த உலகத்தில் இரண்டு பேர்தான் ‘இஞ்சாருங்கோ’. ஒருவர் அண்ணை. மற்றவர் ஆண்டவர்.

எங்கள் ஊரில் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. எல்லாப் பெண்களும் ‘இஞ்சாருங்கோ’ என்றுதான் கூப்பிடுவார்கள், அதில் ஒரு புதினமும் இல்லை. ஆனால் மீன்குழம்பில் ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, முகத்தைக் குசினி முகட்டுப் பக்கம் நிமிர்த்தி, “இஞ்சாருங்கோ, எப்பிடி?” என்று கேட்கிற பெண்ணை நான் அவளுக்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் காணவில்லை. கிணற்றடியில் குளித்துக்கொண்டிருக்கும் அண்ணை, “என்னப்பா?” என்று அங்கிருந்தே குரல் கொடுப்பார்.

“உங்களை இல்லை!” என்பாள் மச்சாள்.

ஒரு நாளைக்கு நாலைந்து தரம் இது நடக்கும். “எனக்கு முந்தியே உனக்கு ஒரு மாப்பிளை இருந்திருக்கிறார் போலை” என்று அண்ணை பகிடி பண்ணுவார். “ஓம், அவர்தானே உங்களைக் காட்டித் தந்தவர்” என்பாள் இவள்.

எங்கள் வீடு புத்தூரில். அம்மா வெகுகாலத்துக்கு முன்பே போய்விட்டா. ஐயா, அண்ணை, நான், மூன்று பேர் மட்டும் இருந்த அந்த வீட்டில் கதிரைகள்கூடச் சத்தம் போடாது. ஐயா தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எங்கள் தேவாலயத்தில் மூப்பர். முத்திரையைப் பார்த்து, எந்த ஊரில் குத்தினது என்று அறியாமல் ஒரு கடிதத்தையும் பிரிக்க மாட்டார். அது கந்தோரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கத்தரிக்காயானாலும் சரி, புதுப்பாட்டானாலும் சரி, “உது எங்கையிருந்து வந்தது?” என்றுதான் முதல் கேள்வி. நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். பொய் இல்லை.

மச்சாளுக்கு ஊர் அளவெட்டி; அவளுக்கு நானும் மச்சாள்தான். சைவக் கமக்காரரின் மகள். மிஷன் பள்ளிக்கூடத்து விடுதியில் படிக்கும்போது வேதத்துக்கு வந்தவள். ஞானஸ்நானத்துக்கு முன் மூப்பர்மார் வரிசையாக இருந்து அவளை விசாரித்த கதையை ஐயாவே எனக்குச் சொல்லியிருக்கிறார். விசாரித்தவர்களில் அவரும் ஒருவர்.

“பாவ உணர்வு எப்ப வந்தது பிள்ளை?” என்று கேட்டார்களாம்.

“முதல் சந்தோஷம்தான் வந்தது ஐயா. பாவம் செய்திருக்கிறன் எண்டு பிறகுதான் தெரிஞ்சது.”

மூப்பர்மார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களாம். அப்படி ஒரு பதில் அவர்களுடைய புத்தகத்தில் இல்லை. பெடிச்சி விளங்காமல் சொல்லுகிறாள் என்று ஒருவர், இல்லை, விளங்கித்தான் சொல்லுகிறாள் என்று ஐயா. அந்தப் பதிலுக்காகவே ஐயா அவளை மருமகளாக்கினார் என்று எனக்கு ஒரு சந்தேகம். ஆனால் வீட்டுக்குள் வந்த பிறகு அந்தச் சந்தோஷத்தை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை, பாவம்.

ஒருநாள் குடும்ப ஜெபத்தில் அவள் ஆண்டவரை “நீங்கள்” என்று சொல்லிவிட்டாள். ஐயா முடியும் வரைக்கும் பொறுத்திருந்து, “பிள்ளை, ஆண்டவரை ‘நீர்’ எண்டு சொல்லவேணும்” என்றார்.

“அப்பிடிச் சொன்னால் எனக்குத் தூரமாய்க் கிடக்கு மாமா.”

“தூரம்தானே. அவர் பரலோகத்திலை இருக்கிறார்.”

“அங்கையும் இருக்கட்டும். குசினியிலையும் இருக்கிறார் எல்லோ?”

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டார். நான் சிரிப்பை அடக்க வெளியே ஓட வேண்டியதாயிற்று.

அவள் வந்த முதல் தை மாதம் பிறந்தது. பொங்கலன்று விடியற்புறமே சுற்றுவட்டாரத்துச் சைவ வளவுகளில் சீனவெடி தொடங்கிவிட்டது. நான் எழும்பிப் போனபோது மச்சாள் முற்றத்தில், மூன்று கல்லும் வைத்து, கழுவின பானையும் கையுமாக நிற்கிறாள். எதிரில் ஐயா.

“மாமா, சூரியனுக்கு இல்லை. சூரியனைப் படைச்சவருக்குத்தான் பொங்கப் போறன்.”

“உது எங்கையிருந்து வந்தது எண்டு யோசி பிள்ளை. சூரியனைக் கும்பிட்டவை தொடக்கின பெருநாள். பேரை மாத்தினால் போல வந்த இடம் மாறுமோ?” ஐயா கோபிக்கவில்லை. அவர் கோபித்து நான் கண்டதில்லை. அவள் கையிலிருந்த பானையைத் தாமே வாங்கிக் கவிழ்த்து வைத்தார். “உனக்குத்தான் ஆண்டவர் பிறந்த நாள், நத்தார் இருக்குதே. அதை எவ்வளவு வேணுமெண்டாலும் கொண்டாடு. நான் ஒண்டும் சொல்லமாட்டன்.”

சொன்ன சொல்லை அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள். மார்கழியில் எங்கள் வீட்டில் நத்தார் எப்படி வந்தது தெரியுமா? பத்து நாளைக்கு முன்னமே பயற்றம்பணியாரம் பொரிகிற வாசனை ஒழுங்கை வரைக்கும் போகும். சவுக்குக் கொப்பு வெட்டி விறாந்தையில் நட்டு, நான் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த வண்ணக் கடதாசியெல்லாம் தொங்கவிடுவாள். பலகாரத் தட்டங்கள், வேலியில் நுழைவழியாய் விட்டிருந்த பொட்டுக்குள்ளால் சைவ வீடுகளுக்கெல்லாம் போகும். ஐயாவுக்கு ஒரு புதுச் சால்வை. இவ்வளவையும் செய்துகொண்டே, ஒவ்வொன்றுக்கும் முகத்தை நிமிர்த்தி, “இஞ்சாருங்கோ, வடிவாய் இருக்கோ?” அம்மா போன பிறகு ஐயா சத்தம் போட்டுப் பாடியதை நான் முதல்முதல் கேட்டது அந்த நத்தாரில்தான். குரல் கட்டை. ஆனாலும் பாடினார்.

அப்படி மூன்று நத்தார்.

நாலாவது வருடம் கார்த்திகையில், எங்கிருந்தோ ஒரு பிரசங்கியார் வந்து கிடுகுக் கொட்டகை போட்டு ஒரு கிழமை கூட்டம் வைத்தார். நல்ல பேச்சுக்காரர். கடைசி நாள் நத்தாரைப் பற்றி எடுத்தார். ஆண்டவர் பிறந்த திகதி வேதத்தில் எங்கும் இல்லை. அந்தக் காலத்தில் ரோமாபுரியில் அஞ்ஞானிகள் அதே நாளில்தான் சூரியனுக்குப் பெருநாள் கொண்டாடினார்கள். அதைத்தான் சபை பிறகு எடுத்து வைத்துக்கொண்டது என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரியோ, அரைவாசிதான் சரியோ, அது எனக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் பின்னேரப் பசியில் இருந்தார்கள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு மறந்துவிட்டார்கள். ஐயா சாப்பிடவில்லை.

ஐயாவின் கரைச்சல் என்னவென்றால், அவர் நியாயக்காரர். இரண்டு நாள் கதிரையில் அசையாமல் இருந்தார். மூன்றாம் நாள் எங்களை எல்லாம் கூப்பிட்டார்.

“சூரியன்ரை நாள் எண்டு சொல்லி நான் இந்தப் பிள்ளையின்ரை பானையைக் கவிழ்த்தன். இப்ப பாத்தால் என்ரை பெருநாளும் சூரியன்ரை நாளாய்த்தான் இருந்ததாம். அவளுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டம் எண்டு வைக்க ஏலாது. இனிமேல் இந்த வீட்டிலை நத்தாரும் இல்லை.”

அவளுக்கு நியாயம் செய்கிறேன் என்று, அவளிடம் மிஞ்சியிருந்ததையும் பிடுங்கிக்கொண்டார்! எனக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. மச்சாள் மட்டும் மெல்லக் கேட்டாள்: “மாமா, இரண்டையும் எடுக்கிறதுக்கு, இரண்டையும் தந்தால் என்ன?”

“எனக்கு அப்பிடித் தர உரிமை இல்லைப் பிள்ளை” என்றார் ஐயா. கண் கலங்கியிருந்தது. அதுதான் அவரோடு சண்டை பிடிக்க முடியாமல் போன காரணம்.

அந்த நத்தார் நாள் முழுக்க மழை. தேவாலய மணி அடித்தது. நாங்கள் போகவில்லை. மச்சாள் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரித்து, அரிந்து, சட்டியில் போட்டாள். தாளிதம் மணந்தது. நான் காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தேன். அவள் முகட்டைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ‘இஞ்சாருங்கோ’ அண்ணைக்கு மட்டும்தான். அவள் ஜெபத்தை விடவில்லை. இன்னும் சொன்னால் முன்னையைவிட நீளமாக, “நீர், உமது” என்று ஒழுங்காக ஜெபித்தாள். ஐயா மெச்சினார். எனக்கோ வீடு பழையபடி அம்மா செத்த வீடாகிவிட்டது. தை போய், மாசி போய், பங்குனியும் முடிகிற நேரத்தில் பொறுக்க ஏலாமல் கேட்டேவிட்டேன்.

“ஏன் மச்சாள், உங்கடை மற்ற மாப்பிளையோடை கோவமோ?”

அவள் சிரிக்கவில்லை. “கோவம் இல்லை மச்சாள். வாயெடுத்தால், உது எங்கையிருந்து வந்தது எண்டு ஒரு கேள்வி குறுக்கை வருது. இந்தச் சந்தோஷம் வேறை ஆருடையதோ, நான் களவெடுத்ததோ எண்டு நினைச்சுக்கொண்டு எப்பிடி அவரோடை கதைக்கிறது?” என்றவள், பிறகு சொன்னாள்: “எனக்கு அவர் இல்லாமல் விசர் பிடிக்கும் போலை கிடக்கு.”

அதை அவள் சொன்ன விதம் இன்றைக்கும் என் காதில் கிடக்கிறது.

பிறகு ஒருநாள், தோட்டத்தில் வெங்காயம் கிண்டுகிற காலம், பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், மச்சாள் வேலிப் பொட்டடியில் நிற்கிறாள். அந்தப் பக்கம் சைவப் பள்ளிக்கூடத்து வாத்தியார், கையில் பஞ்சாங்கம். நல்ல மனிதர். எங்கள் நத்தார்த் தட்டத்தை ஒருநாளும் வெறுமையாகத் திருப்பி அனுப்பாதவர்.

“வாத்தியார், ஒரு சாமிக்கும் இல்லாத வெறும் நாள் ஒண்டு பாத்துச் சொல்லுங்கோ.”

“என்னத்துக்குப் பிள்ளை?”

“எனக்கு வேணும்.”

வாத்தியார் மறு கேள்வி கேட்காமல் பக்கத்தைப் புரட்டினார். சதுர்த்தி பிள்ளையாருக்கு. சஷ்டி முருகனுக்கு. அட்டமி வைரவருக்கு. ஏகாதசி பெருமாளுக்கு. செவ்வாய், வெள்ளி அம்மன் விடாது. திங்கள் சிவனுக்கு. சனியைத் தொடவே வேண்டாம். “வெறும் நாள் எண்டு ஒண்டும் இல்லைப் பிள்ளை. எல்லாத்தையும் ஆரோ ஒராள் பிடிச்சு வைச்சிருக்கினம்” என்றார் கவலையாக. நான் சிரித்தே விட்டேன். மச்சாள் சிரிக்கவில்லை. அவளுக்கு அது உயிர்ப் பிரச்சினை.

“சரி, ஒருத்தருக்கும் வேண்டாத நாள்?”

வாத்தியார் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “அது இருக்கு. கரிநாள். அண்டைக்குக் கலியாணம் வைக்கமாட்டினம், குடிபூரமாட்டினம், விதைக்கமாட்டினம், பயணமும் போகமாட்டினம். ஒரு நல்ல காரியத்துக்கும் ஒருத்தரும் எடுக்காத நாள்.”

“எடுக்காத நாளோ! அப்ப அது எனக்கு வேணும்” என்றாள், சந்தையில் கத்தரிக்காய் கேட்பதுபோல.

வாத்தியாரின் விரல் கரிநாள் அட்டவணையில் இறங்கியது. தை மாதத்தில் ஒரு கணம் நின்றது. எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு விரல் கீழே தாவி ஆவணியில் போய் நின்றது. “ஆவணிக் கடைசியிலை ஒண்டு கிடக்கு. எடுங்கோ.”

அவள் ஒளித்துச் செய்கிறவள் இல்லை. அன்றே ஐயாவிடம் போய்ச் சொன்னாள்.

“மாமா, வாத்தியாரைக் கேட்டு, எங்கையிருந்தும் வராத ஒரு நாள் கண்டுபிடிச்சிட்டன். அண்டைக்கு அரிசியும் பாலும் சக்கரையும் போட்டுக் கொஞ்சம் புக்கை காய்ச்சி, ஆண்டவரோடை சந்தோஷமாய் இருக்கப் போறன். வேறை ஒண்டும் இல்லை.”

“நீ பஞ்சாங்கம் பாத்தியோ?” ஐயா பதறிப்போனார். “அஞ்ஞானிகள் மாதிரி நாள் பாத்தியோ பிள்ளை?”

“நல்ல நாள் பாத்தால்தானே மாமா பிழை? நான் கெட்ட நாளெல்லோ பாத்தனான்.”

ஐயாவின் மீசை அசைந்தது. அது சிரிப்புத்தான் என்று நான் இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன். மாதக்கணக்காக அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆவணிக் கடைசியில் ஒருநாள் பின்னேரம், பொதுவாகச் சுவரைப் பார்த்து, “நாளைக்கு எனக்கு யாழ்ப்பாணத்திலை ஒரு அலுவல் இருக்கு” என்றார். அதுதான் உத்தரவு.

பொங்கல் என்றால் பானை கிழக்கே பார்க்கும். இவள் வேண்டுமென்றே மேற்கே பார்த்து அடுப்பு மூட்டினாள். மேற்கேயிருந்து சோளகக் காற்று அடித்து மூசுகிற காலம்; புகை முழுக்க அவள் முகத்தில்தான். இருமிக்கொண்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டும் அரிசியைப் போட்டாள். புது அரிசியும் இல்லை, பழைய பச்சையரிசிதான். பால் நுரைத்து ஏறி வழிந்தது. அந்த நேரத்தில் எல்லாரும் கத்துகிற வார்த்தை அவள் வாய்வரை வந்ததைக் கண்டேன். அதை அவள் சொல்லவில்லை. முகத்தை நிமிர்த்தினாள். புகையா கண்ணீரா தெரியாது, கன்னமெல்லாம் ஈரம்.

“இஞ்சாருங்கோ!”

ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு. கிணற்றடியிலிருந்து அண்ணை வாளியையும் போட்டுவிட்டு ஓடி வந்தார். “என்னப்பா?”

“உங்களை இல்லை” என்றாள். பிறகு, “சரி, வந்தனீங்கள், நீங்களும் நில்லுங்கோ” என்றாள். நான் அழுதுவிட்டேன். ஏன் ஒளிக்க வேண்டும்?

யாழ்ப்பாணத்து அலுவல் என்ன அலுவலோ, ஐயா பத்து மணிக்கே திரும்பி வந்து இலைக்கு முன்னால் இருந்தார். ஒரு வாய் வைத்தார். “சக்கரை எங்கையிருந்து வந்தது?” என்றார்.

“பருத்தித்துறைக் கடையிலை வாங்கினது மாமா.”

“நல்ல சக்கரை. இன்னும் கொஞ்சம் வை பிள்ளை.”

அடுத்த வருடம் அண்ணைக்கு மலாயாவில் றெயில்வேக் கந்தோரில் வேலை கிடைத்து, இரண்டு பேரும் கப்பல் ஏறினார்கள். போய் ஆறு மாதத்தில் அவள் எனக்கு எழுதினாள்: “மச்சாள், இங்கே பஞ்சாங்கம் கிடையாது. எது கரிநாள் என்று தெரியவில்லை. ஆகையால் எந்த நாளும் ஒருவருக்கும் இல்லாத நாள்தான். நினைத்தபோது பானை வைக்கிறேன். மாமாவுக்குச் சொல்லாதேயும், பயப்படுவார்.” நான் முழுவதையும், அந்தக் கடைசி வரி உட்பட, ஐயாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கடிதத்தை வாங்கி, முத்திரையைத் தடவிப் பார்த்து, தம் வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். ஆவணி பிறந்தால், “எப்ப பிள்ளை அந்த நாள்?” என்று அவரே கேட்கத் தொடங்கினார். நான் காய்ச்சினேன். என் புக்கையில் ஏதோ ஒன்று குறைந்தது. அது என்ன என்று இருவருக்கும் தெரியும்.

பிறகு யுத்தம். சப்பான்காரன் மலாயாவைப் பிடித்த அன்றோடு கடிதம் நின்றது. அந்த வருடங்களை எப்படிச் சொல்ல? தபால்காரனின் சைக்கிள் மணி கேட்டால் ஐயா ஒழுங்கை வரைக்கும் நடந்து போவார். வெறுங்கையோடு திரும்பி வருவார்.

யுத்தம் முடிந்து, மார்கழி மாதம் கடைசி நாள் மத்தியானம், அண்ணை வந்தார். தனியாக. என் அண்ணை என்று அடையாளம் கண்டுபிடிக்கவே நேரம் எடுத்தது. சோறு போட்டேன். அளைந்துகொண்டே இருந்தார்.

“மலேரியா. கொயினா மருந்து ஒரு இடத்திலையும் இல்லை. நாலு நாள்தான்” என்றார். “கடைசி நாள், இஞ்சாருங்கோ எண்டா. நான் என்னப்பா எண்டன். முகத்தைப் பாத்தால் சந்தோஷமாய்க் கிடந்துது. பிறகு ஒண்டும் சொல்லேல்லை. என்னைக் கூப்பிட்டவவோ, அவரைக் கூப்பிட்டவவோ, இண்டைவரைக்கும் எனக்குத் தெரியாது. ‘உங்களை இல்லை’ எண்டாவது சொல்லியிருக்கலாம்.”

அண்ணை அழுதார். ஐயா எழும்பி விறாந்தைக்குப் போனார். திரும்பி வந்து, “அடுத்த கரிநாள் எப்ப எண்டு வாத்தியாரைக் கேட்டுக்கொண்டு வா பிள்ளை” என்றார்.

வேலிப் பொட்டடிக்குப் போனேன். வாத்தியாருக்கும் வயது போய்விட்டது. விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்தார். பஞ்சாங்கத்தை அவர் எடுக்கவே இல்லை.

“நாளைக்குத்தான் பிள்ளை.”

“நாளைக்குத் தைப்பொங்கல் எல்லோ?”

“தை முதல் நாளும் கரிநாள்தான். பொங்கிற சந்தோஷத்திலை ஒருத்தரும் அதைப் பாக்கிறேல்லை. அண்டைக்கு அவ கேட்டபோதே கண்டனான். சொன்னால் உங்கடை ஐயாவாலை வீட்டிலை கரைச்சல் வரும் எண்டு விட்டிட்டன்.”

ஐயாவிடம் வந்து, உள்ளதை உள்ளபடி சொன்னேன். நாளைக்கு என்றும், நாளைக்கு என்ன நாள் என்றும். அவர் எங்கையிருந்து வந்தது என்று கேட்பார் என்று காத்து நின்றேன்.

“பானை எங்கை?” என்றார் ஐயா.

விடியப் பொழுது மூன்று பேரும் முற்றத்தில் நின்றோம். “அவள் எந்தப் பக்கம் வைக்கிறவள்?” என்று ஐயா கேட்டார். மேற்கே என்றேன். “அப்பிடியே வை.” வாடைக்காற்று, புகை எங்களை விட்டு அப்பால் போனது. வாத்தியார் வளவில் சீனவெடி தொடங்கியது. எங்கள் பானையும் நுரைத்து ஏறியது. என்ன சொல்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஐயா பார்த்துக்கொண்டு நிற்கிறார், அண்ணை பார்த்துக்கொண்டு நிற்கிறார், பால் வழிகிறது.

எனக்குக் கலியாணம் நடக்கவில்லை. அந்தச் சொல்லை ஒருநாளும் யாருக்கும் சொன்னவள் இல்லை நான். வாய் கூசியது. முகத்தை நிமிர்த்தினேன்.

“இஞ்சாருங்கோ.”

ஐயாவும் அண்ணையும் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

“உங்களை இல்லை” என்றேன்.